மான் ஹலால்தான், வாசலுக்கு வரும் மான்கறி?

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, மேக்கரை, வடகரை என மலையை ஒட்டிய ஊர்களில் வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சாரல் தொடங்கி வீட்டில் விருந்தாளிகள் நிறைந்திருக்கும் நாளில் யாரோ ஒருவர் காதோடு காதாகக் கேட்பார்: "மிளாக்கறி வந்திருக்கு பாய், ரெண்டு கிலோ எடுத்து வைக்கவா?" நம்மில் பலர் அந்த நேரத்தில் யோசிப்பது ஒன்றே ஒன்றுதான்: மான் ஹலாலா, ஹராமா? ஹலால் என்ற பதில் கிடைத்ததும் பாத்திரத்தை நீட்டிவிடுகிறோம்.

அந்தப் பதில் சரிதான். ஆனால் அது பாதிப் பதில். மிருகம் ஹலாலாக இருப்பது ஒன்று; அது செத்த விதம் ஹலாலாக இருப்பது வேறொன்று. மூன்றாவதாக நாட்டின் சட்டமும் இருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடவே, வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கும், ஹஜ்ஜுப் பெருநாளில் வீட்டிலேயே ஆடு அறுப்பவர்களுக்கும் பயன்படும் வகையில், அறுத்த பின் குடல் எடுப்பது, தோல் உரிப்பது ஆகியவற்றையும் விளக்கமாகப் பார்ப்போம்.

மார்க்கம் வேட்டையைப் பற்றிச் சொல்வது

மான் உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணி என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. மிளா, புள்ளிமான், கேளையாடு, சருகுமான் எல்லாம் இதில் அடங்கும். வேட்டையாடுவதையும் குர்ஆன் அனுமதிக்கிறது. பயிற்சி கொடுக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்பது 5:4 வசனத்தின் கருத்து.

இங்கே ஒரு சிறு விஷயம். மான் ஹலால் என்றாலும் குர்பானிக்குச் செல்லாது. ஒட்டகம், மாடு, ஆடு ஆகிய கால்நடைகளே குர்பானிக்கு உரியவை. வீட்டில் வளர்ந்த மானாக இருந்தாலும் இதுதான் சட்டம்.

வேட்டை ஹலாலாவதற்கு உள்ள நிபந்தனைகளை அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகளிலிருந்து நாம் அறிந்துகொள்கிறோம். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற ஹதீஸ் இது. அவர் வேட்டைக்காரர். அதனால் கேள்விகள் எல்லாம் காட்டில் நடப்பவை. நாயை ஏவும்போது பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். நாய் பிடித்ததிலிருந்து தின்றுவிட்டால் அதை உண்ணக் கூடாது. ஏனெனில் அது தனக்காகப் பிடித்தது. வேறு நாய்களும் கூடவே சேர்ந்து, எது கொன்றது என்று தெரியாவிட்டால் உண்ணக் கூடாது. எறிந்த கோல் கூர்முனையால் துளைத்திருந்தால் உண்ணலாம். பக்கவாட்டில் மோதி அடித்துக் கொன்றிருந்தால் கூடாது. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து கிடந்தாலும் கூடாது; அம்பு கொன்றதா, தண்ணீர் கொன்றதா என்று தெரியாது அல்லவா?

இந்தப் பதில்கள் அனைத்திலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எப்படிச் செத்தது என்று உறுதியாகத் தெரிந்தால் உண்; சந்தேகம் என்றால் விட்டுவிடு. வீட்டு ஆட்டில் இந்தச் சந்தேகம் வருவதில்லை, கண்முன்னே கழுத்தை அறுக்கிறோம். காட்டு மிருகத்தில்தான் இந்தக் கேள்வி எழுகிறது.

துப்பாக்கி பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் களிமண் உருண்டையை வில்லில் வைத்து எறிவார்கள். அது துளைக்காது, மோதிக் கொல்லும் என்பதால் அதில் செத்ததை அறிஞர்கள் தடுத்தார்கள். துப்பாக்கி வந்தபோது ஹனஃபி உலமாக்களில் பெரும்பாலோர் குண்டையும் அதனோடு ஒப்பிட்டு, சுட்டதோடு செத்துவிட்டால் கூடாது, உயிரோடு கிடைத்து அறுத்தால்தான் கூடும் என்றார்கள். யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானீ போன்றோரும் இன்றைய அரபு நாட்டு அறிஞர்கள் பலரும், குண்டு உடலைத் துளைத்து இரத்தத்தை ஓட்டுகிறது என்பதால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் கூடும் என்கிறார்கள். உயிர் இருக்கும்போதே ஓடிச் சென்று அறுத்துவிட்டால் இரு தரப்பிலும் பிரச்சினை இல்லை. அதுவே பேணுதலான வழி.

பிஸ்மில்லாஹ்வை வேண்டுமென்றே விட்டால் ஹனஃபி மத்ஹபில் அந்த இறைச்சி ஹராம். மறந்து விட்டால் குற்றமில்லை. ஷாஃபி மத்ஹபில் பிஸ்மில்லாஹ் சொல்வது சுன்னத்.

நம் மலையடிவாரத்தில் மான் எப்படிச் சாகிறது?

நம் பகுதியில் திருட்டுத்தனமாக விற்கப்படும் மான்கறி அம்பு எய்து பிடித்ததல்ல; பிஸ்மில்லாஹ் சொல்லி நாயை ஏவிப் பிடித்ததும் அல்ல. சுருக்குக் கம்பி, வயலைச் சுற்றிப் போட்ட மின்சார வேலி, தெருநாய்களின் கூட்டம், நாட்டுத் துப்பாக்கி, சாலையில் வண்டி மோதல். மலையடிவாரத்தில் மான் சாவது பெரும்பாலும் இப்படித்தான். பன்றிக்கு வைத்த கம்பியில் மிளா மாட்டிக்கொள்வதும் உண்டு.

இப்போது 5:3 வசனத்தை எடுத்துப் பாருங்கள். தானாகச் செத்தது, கழுத்து நெரிந்து செத்தது, அடிபட்டுச் செத்தது, மேலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டப்பட்டுச் செத்தது, காட்டு மிருகம் தின்று மீதி வைத்தது ஆகியவை வரிசையாகச் சொல்லப்படுகின்றன. உயிர் இருக்கும்போதே நீங்கள் அறுத்ததைத் தவிர இவை எல்லாம் ஹராம். சுருக்கில் மாட்டிச் செத்த மான், கழுத்து நெரிந்து செத்தது. வண்டி மோதிச் செத்தது, அடிபட்டுச் செத்தது. மின்சாரம் பாய்ந்து செத்ததிலும் அறுப்பு இல்லை. தெருநாய்கள் குதறியதை யாரும் ஏவவில்லை, யாரும் பிஸ்மில்லாஹ் சொல்லவில்லை.

கறி விற்க வருபவர் "அறுத்ததுதான் பாய்" என்று சொல்லத்தான் செய்வார். அவர் அறுத்தது எப்போது? உயிர் இருக்கும்போதா, செத்த பிறகு கழுத்தில் கத்தி வைத்ததா? அறுத்தவர் யார்? வெட்டிப் பொட்டலம் கட்டிய கறியில் இதற்கெல்லாம் விடை இருக்காது. கோழிக்கடையில் ஹலால் பலகை இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் நாம், இருட்டில் வரும் பொட்டலத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பது எனக்குப் புரியவில்லை. ஆக, சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மார்க்கத்தை மட்டும் பார்த்தாலும், மான் ஹலால் என்பதால் அந்தக் கறி ஹலால் ஆகிவிடாது.

சட்டம் சொல்வது

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. முதலில் சில வகை வேட்டைக்கு உரிமம் கொடுக்கும் முறை அதில் இருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் "அந்தக் காலத்துல நாங்க லைசென்ஸ் வச்சு வேட்டைக்குப் போனோம்" என்று சொன்னால் அது பொய்யில்லை. இன்று அந்த வழி இல்லை, அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தில் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சில பிரிவுகள் உண்டு. வேட்டை என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருள் மிக அகலமானது. கொல்வது மட்டுமல்ல, சுருக்கு வைப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வது, விலங்கின் உடலில் எந்தப் பகுதியையும் எடுப்பது எல்லாமே வேட்டைதான். எனவே "நான் சுடவில்லை, தோல் உரிக்க மட்டும் கூப்பிட்டார்கள்" என்பது தப்பிக்கும் வழி ஆகாது. கறிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கத்தி பிடிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள்.

இறைச்சி என்ற சொல்லில் பச்சைக் கறியும் அடங்கும், சமைத்ததும் அடங்கும். இரத்தம், எலும்பு, கொழுப்பும் அடங்கும். குழம்பு வைத்துவிட்டால் அடையாளம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள செல்லுலார் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற இடங்களில் மரபணுச் சோதனை மூலம் சிறு துண்டிலிருந்தே எந்த விலங்கு என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பிரிவு 39இன்படி, வேட்டையாடப்பட்ட வனவிலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து. செத்துக் கிடக்கும் மானும் அப்படியே. எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். அன்பளிப்பாக வந்தது என்றாலும் இதே சட்டம்தான். பிரிவு 57 இன்னும் கடுமையானது. பொருள் உங்களிடம் இருந்தது நிரூபிக்கப்பட்டால், அது சட்டவிரோதமானது அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. வழக்கமான குற்ற வழக்குகளில் நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பில் இருக்கும். இங்கே அது நம் தலையில் விழுகிறது.

தண்டனை பிரிவு 51இல் இருக்கிறது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலோ குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. நம் பகுதியில் சரணாலயம் என்பது தூரத்தில் இருப்பதல்ல. கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரிப் பக்கத்து மலைக்காடுகள் 2015இல் நெல்லை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தின் செந்துருணி சரணாலயம் 1984 முதல் இருக்கிறது. தெற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

1998இல் ராஜஸ்தானில் வெளிமான் வேட்டையாடிய வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்தது, மேல்முறையீடும் செய்தார். ஆனாலும் இருபது ஆண்டு வழக்கு! பணமும் பெயரும் உள்ளவருக்கே இந்த நிலை என்றால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வளைகுடாவுக்குத் திரும்பக் காத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளையின் மேல் ஒரு வழக்கு விழுந்தால் என்ன ஆகும்? இரண்டு கிலோ கறிக்கு அது மிகப் பெரிய விலை. இப்போது கறி வெட்டுவதை அலைபேசியில் படம் எடுத்துப் பகிரும் பழக்கம் வேறு வந்திருக்கிறது. அந்தப் படமே சாட்சியாகும்.

"அல்லாஹ் ஹலாலாக்கியதை அரசு தடுப்பதா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஷரீஅத்தே சில இடங்களிலும் சில நேரங்களிலும் வேட்டையைத் தடுத்திருக்கிறது. இஹ்ராம் கட்டியவர் தரை வேட்டை ஆடக் கூடாது. மீறினால் பரிகாரம் உண்டு (5:95, 96). மக்காவின் ஹரம் எல்லைக்குள் இஹ்ராம் இல்லாதவரும் வேட்டையாட முடியாது. ஸஅப் பின் ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் காட்டுக் கழுதையை அன்பளிப்பாகக் கொண்டு வந்தபோது, தாம் இஹ்ராமில் இருப்பதைக் காரணமாகச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். வன உயிரினச் சட்டம் ஹராமான ஒன்றைச் செய்யும்படி நம்மை வற்புறுத்தவில்லை; ஆகுமான ஒன்றை விட்டுவிடச் சொல்கிறது. மான்கறி சாப்பிடுவது கடமையும் அல்ல, சுன்னத்தும் அல்ல.

காயம்பட்ட மான் தோட்டத்துக்குள் வந்து விழுந்தால்? இரக்கப்பட்டு அறுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். நாய்களை விரட்டிவிட்டு, கூட்டம் சேராமல் பார்த்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்துக் கிடக்கும் மிருகத்தைத் தொடாமல் இருப்பதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. அடைப்பான் நோயில் செத்த உடலைத் திறந்தால் அதன் கிருமி காற்றுப் பட்டு வித்தாகி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

பழைய வீடுகளில் சுவரில் மாட்டிய மான்கொம்பு, பெரியவர்கள் விரித்து உட்கார்ந்த மான்தோல் இருக்கக் கூடும். அதற்கு முதன்மை வன உயிரினக் காப்பாளர் வழங்கிய உரிமைச் சான்றிதழ் வேண்டும். வாரிசாகக் கிடைத்தால் 90 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். விற்க முடியாது. வீட்டைப் பாகம் பிரிக்கும்போது இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சட்டப்படி வேட்டையாடும் இடத்தில்

வேடிக்கை என்னவென்றால், இங்கே சட்டம் காக்கும் அதே மிளா ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஆண்டு முழுவதும் வேட்டையாடப்படுகிறது. 1860களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கொண்டுபோய் விடப்பட்ட மிளாக்கள் அங்கே பெருகிவிட்டன. வேட்டை உரிமமும் ஆயுத உரிமமும் இருந்தால் காலால் தடம்பிடித்து வேட்டையாடலாம். பொழுதுபோக்கு வேட்டையில் கிடைத்த கறியை வீட்டில் உண்ணலாம், விற்க முடியாது. அங்கே வில்லும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் துப்பாக்கி பற்றிய கருத்து வேறுபாட்டையே தவிர்க்க முடியும். பிரிட்டனில் மானை வில்லால் வேட்டையாடத் தடை உண்டு. மெல்பர்னில் இருக்கும் நம் பிள்ளைகள் நண்பர்களோடு போகும் முன் பின்வருவதைப் படித்துக்கொள்வது நல்லது. ஆடு அறுக்கும் நமக்கும் இதில் முக்கால் பங்கு அப்படியே பொருந்தும்.

மிருகத்தை நெருங்கும்போது உயிர் இருந்தால் உடனே அறுக்க வேண்டும். அறுக்க அவகாசம் இருந்தும் தாமதித்து அது செத்துவிட்டால் அந்தக் கறி கூடாது. கத்தி கூர்மையாக இருக்கட்டும். அறுப்பையும் அழகாகச் செய்யும்படி கற்பித்த ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் நமக்குத் தெரியும். மூச்சுக்குழல், உணவுக்குழல், இருபக்க இரத்தக் குழாய்கள் அறுபட வேண்டும். ஹனஃபியில் இந்த நான்கில் மூன்றாவது அறுபட வேண்டும். ஷாஃபியில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் கட்டாயம். உயிர் முழுமையாகப் பிரியும் வரை தோலில் கை வைக்கக் கூடாது. கண்ணைத் தொட்டால் இமை அசையாதது ஓர் அடையாளம். உயிரோடிருக்கும்போது வெட்டி எடுத்த துண்டு செத்ததற்குச் சமம் என்பதும் ஹதீஸ்.

அதன் பிறகு வேகம் வேண்டும். மானின் உடல் சூடு அதிகம், மேலே அடர்ந்த முடி வேறு. வயிற்றுக்குள் புளித்துக்கொண்டிருக்கும் இரையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. செத்த பின் வயிறு ஊதத் தொடங்கும், அந்த வாடை கறியில் இறங்கும். மான்கறிக்குக் காட்டு வாடை என்று சொல்வதில் பாதி, குடலை எடுக்கத் தாமதித்த வாடைதான். அதனால் காட்டிலேயே குடலை எடுத்துவிடுகிறார்கள்.

கையுறை போட்டுக்கொண்டு, உடலை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைப்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஆசனவாயைச் சுற்றி வட்டமாக அறுத்து விடுவித்து, கயிறால் இறுக்கிக் கட்டிவிடுவது நல்லது; சாணம் கறியில் படாது. அதேபோல் கழுத்தில் உணவுக்குழலைத் தனியே பிரித்து முடிச்சுப் போட்டால் இரைப்பையில் இருப்பது பின்னோக்கி வராது. இந்த இரண்டு முடிச்சுகளையும் போடாமல் அவசரப்பட்டு வயிற்றைக் கிழிப்பவர்கள்தான் பிறகு தண்ணீர் தேடி ஓடுகிறார்கள்.

அடுத்து வயிறு. தோலில் சிறிதாகக் கீறி, இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி விரல்களுக்கு நடுவே வைத்து, தொடையிடுக்கிலிருந்து நெஞ்செலும்பு வரை கொண்டுபோக வேண்டும். கூர் கீழ்நோக்கி இருந்தால் இரைப்பையோ மூத்திரப்பையோ கிழியும். பிறகு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சவ்வை விளிம்போடு அறுத்து, கையை மேலே விட்டு மூச்சுக்குழலைப் பிடித்து இழுத்தால் நுரையீரல், இதயம், ஈரல், இரைப்பை, குடல் எல்லாம் ஒன்றாகக் கீழிறங்கி வரும். மூத்திரப்பையின் கழுத்தை விரலால் அழுத்திப் பிடித்து எடுக்க வேண்டும்.

ஹனஃபி மத்ஹபில் ஹலாலான பிராணியிலும் ஏழு பாகங்கள் கூடாது என்று பட்டியல் உண்டு: ஓடும் இரத்தம், ஆண்குறி, விதைகள், பெண்குறி, சுரப்பிக் கட்டிகள், மூத்திரப்பை, பித்தப்பை. ஆட்டில் ஈரலோடு ஒட்டிய பித்தப்பையை உடையாமல் எடுப்பதே கறிக்கடைப் பாயின் கைத்திறன். மிளாவிலும் புள்ளிமானிலும் அதைத் தேடினால் கிடைக்காது. அவற்றுக்குப் பித்தப்பையே இல்லை. முதல் முறை பார்ப்பவர்கள் எங்கோ கிழிந்துவிட்டது என்று பயந்துபோவார்கள். இன்னொன்று, முறையாக அறுத்த பின் சதையிலும் நரம்பிலும் தங்கும் இரத்தம் ஹராம் அல்ல. 6:145 தடுப்பது ஓடும் இரத்தத்தைத்தான். கறி வெளுக்கும் வரை ஊறவைத்துப் பிழிய வேண்டியதில்லை.

எடுத்த உறுப்புகளைப் பார்க்காமல் தூக்கி எறியாதீர்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள், நுரையீரலில் நீர்க்கட்டிகள், சீழ் பிடித்த கட்டிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நீர்க்கட்டி உள்ள ஈரலை நாய்க்குப் போட்டால், அதிலுள்ள நாடாப்புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் மலத்தின் வழியே முட்டைகள் வெளியேறி மனிதருக்கும் நோயைத் தரும். பெருநாளன்று தெருவில் நாய்களுக்குக் குடலை வீசும் பழக்கத்தை இந்தக் காரணத்துக்காகவே நிறுத்த வேண்டும். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் மான்களைத் தாக்கும் மூளைநோய் ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். சமைத்தாலும் அதன் காரணி அழியாது. அங்கே நோய் உள்ள மாவட்டங்களில் பரிசோதனை செய்து முடிவு வந்த பின் உண்ணச் சொல்கிறார்கள். மூளை, முதுகுத்தண்டை ஒதுக்கச் சொல்கிறார்கள். குண்டு பட்ட இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டிய சதையை தாராளமாக வெட்டி எறிய வேண்டும். ஈயத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் சிதறியிருக்கும்.

உள்ளே காலியானதும் ஒரு குச்சியால் நெஞ்சை விரித்து வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். சாணம் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சீவி எடுப்பதே மேல். ஓடைத் தண்ணீரை ஊற்றினால் அழுக்கு பரவும், ஈரத்தில் கிருமி பெருகும். சீக்கிரமே 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரவைக்க வேண்டும். ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும் என்பதால் முழுதாகத் தூக்குவது நடக்காது. தொடை, சப்பை என்று பிரித்துத்தான் கொண்டுவருகிறார்கள்.

தோல் உரிப்பது

ஆட்டைப் போலவே பின்னங்கால் குதிநரம்பில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டால் வேலை எளிது. முழங்காலைச் சுற்றி வளையமாக அறுத்து, தொடையின் உள்பக்கமாக ஒரு கோடு இழுத்து, வயிற்றில் போட்ட கீறலோடு சேர்க்க வேண்டும். ஆரம்பிக்க மட்டும்தான் கத்தி. அதன் பின் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, மறுகை முட்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவே அழுத்திக்கொண்டே போனால் உடல் சூடு இருக்கும் வரை தானாகக் கழன்று வரும். ஆறிவிட்டால் ஒட்டிக்கொள்ளும், கத்தி போட வேண்டி வரும், தோலில் ஓட்டை விழும். தோலைப் பிடித்த கை சதையைத் தொடக் கூடாது. முடியில்தான் உண்ணியும் அழுக்கும் இருக்கின்றன. மிளாவுக்குக் கண்ணோரம் பெரிய சுரப்பி உண்டு. தலையைத் தொட்ட கையைக் கழுவாமல் கறியைத் தொட்டால் அந்த வாடை ஒட்டும்.

ஆட்டின் காலில் ஓட்டை போட்டு வாயால் ஊதி உரிப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் ஊதுபவரின் எச்சில் காற்று கறி முழுக்கப் போகிறது. சைக்கிள் பம்பு ஐந்து நிமிடத்தில் அதே வேலையைச் செய்யும்.

உரித்த தோலைச் சுருட்டிப் போட்டால் சில மணி நேரத்தில் முடி உதிரத் தொடங்கி வீணாகிவிடும். ஒட்டியிருக்கும் சதை, கொழுப்பைச் சுரண்டி, உள்பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் விரித்து, கல்லுப்பை விளிம்பு வரை கைநிறையத் தேய்க்க வேண்டும். வெயிலில் போட்டால் மேல்பக்கம் காய்ந்து உள்ளே அழுகும். முறையாக அறுத்த ஹலால் பிராணியின் தோல் பதனிடாமலே சுத்தமானதுதான். பதனிட்டால் தோல் சுத்தமாகிவிடும் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் செத்ததன் தோலைப் பற்றியது. மைமூனா (ரலி) அவர்களின் வீட்டாருடைய செத்த ஆட்டை வீசியபோது, அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே, உண்பதுதானே தடை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவமும் உண்டு. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தொழில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் முஸ்லிம் வணிகர்களின் கையில் வளர்ந்தது.

குர்பானித் தோலை விற்று நாமே பணம் வைத்துக்கொள்ளக் கூடாது. அறுத்தவருக்குக் கூலியாகவும் கொடுக்கக் கூடாது. அலி (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை அது. கூலியைத் தனியே கையிலிருந்து கொடுத்துவிட்டு, தோலை மதரஸாவுக்கோ ஏழைகளுக்கோ கொடுக்கலாம். ஓட்டையும் அழுகலும் இல்லாமல் உப்புப் போட்ட தோலுக்குத்தான் வியாபாரி விலை கொடுப்பார், கிழிந்த தோலை மதரஸா வாசலில் இருந்தே திருப்பி அனுப்புவார். குடல், இரத்தம், கழிவுகளை நாய் தோண்டாத ஆழத்தில், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். மழைக்காலத்தில் பெருநாள் வந்தால் குழியை முந்தின நாளே வெட்டி, மேலே தகரம் போட்டு மூடி வைப்பது வசதி.